ஒன்றாம் தேதிப் படம்

பொட்சுவோலியில் நிலம் மூச்சு விடுகிறது.
நான் பேருந்து ஓட்டச் சேர்ந்த வருடம்
தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த படகுத்துறை
இப்போது இடுப்பளவு மேலே வந்துவிட்டது.
படகுக்காரர்கள் ஏணி போட்டு இறங்குகிறார்கள்.
எங்கள் அடுக்களைச் சுவரும்
தன் பங்குக்குக் கொஞ்சம் திறந்துகொண்டது.

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும்
விரிசலின் பக்கத்தில்
இரண்டு யூரோ நாணயம் ஒன்றை ஒட்டிவைத்து
எர்சீலியா படம் எடுப்பாள்.
ஏழு வருடத்துப் போன். மூலையில் உடைந்த திரை.
அதில் எங்கள் சுவர் பழைய வெண்ணெய் நிறம்.
விரிசல், யாரோ பென்சிலால் கோடு இழுத்து
மனம் மாறி விரலால் அழித்த மாதிரி.

மகன் தோனாத்தோ தூரினிலிருந்து புதியது அனுப்பினான்,
முதுகில் மூன்று கண்ணோடு.
"இதில் எல்லாம் தெளிவாகத் தெரியும் அம்மா."
தெரிந்தது.
மார்ச் ஒன்றாம் தேதி எங்கள் சுவர்
கல்யாணத்துக்கு வெள்ளையடித்ததுபோல் நின்றது.
விரிசலோ கன்னங்கரேலென்று,
கரை பிசிறில்லாமல்,
சுண்டுவிரல் நுழைந்துவிடும் போல.

எர்சீலியா உட்கார்ந்துவிட்டாள்.
ஒரே மாதத்திலா?

பிப்ரவரியையும் மார்ச்சையும்
மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
நாணயத்தைப் பார், என்றேன்.
அதிலும் விரிசல் நாணயத்தின் வெள்ளி விளிம்பளவு.
இதிலும் அதே அளவு.
விரிசல் வளரவில்லை,
கறுப்புதான் வளர்ந்திருந்தது.

அப்படியானால் எது நல்ல படம்?
என்னிடம்தான் கேட்டாளா தெரியவில்லை.
எனக்கும் போன வருடம் புதுப் பேருந்து தந்தார்கள்,
பிரேக் நன்றாகப் பிடிக்கிறது,
குழிகள் மட்டும் அதே குழிகள்
என்று சொல்ல வாயெடுத்து
காப்பியைக் குடித்துவிட்டேன்.

ஏப்ரலில், ஜன்னலுக்குக் கீழே துடைக்கும்போது
அவள் நகத்தில் ஏதோ தட்டியது. மயிரிழை.
புதிய போனை நீட்டினாள்.
ஒன்றுமில்லை; பாலாடை போல வழவழவென்று சுவர்.
தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறது,
விருந்தாளி வருமுன் வீடு கூட்டுகிறவர்களின் அவசரத்தில்.
பழையதை நீட்டினாள்.
படம் முழுக்க மணல்.
மணலில் எதை விரிசல் என்பது?
ஒன்று, தனக்குத் தெரியாததை
இல்லை என்றது.
மற்றது, தெரியவில்லை என்றது.
நகத்துக்கு மட்டும் தெரிந்தது.

நகராட்சியிலிருந்து பொறியாளர் வந்தாள்,
கச்சாப்புவோத்தி என்று பெயர், முப்பது வயதிருக்கும்.
தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
எர்சீலியா இரண்டு போனையும் காட்டினாள்,
இருபத்தாறு ஒன்றாம் தேதிகள்.
"அழகாக எடுத்திருக்கிறீர்கள்" என்றாள்
சுவரைத் தடவிக்கொண்டே,
திரும்பிப் பார்க்காமல்.
பிறகு பையிலிருந்து
சீட்டுக்கட்டுச் சீட்டளவு கண்ணாடித் துண்டை எடுத்து
விரிசலுக்குக் குறுக்கே வைத்து
இரு முனையிலும் சாந்து பூசினாள்.
ஓரத்தில் தேதி எழுதினாள்.
"இது உடைந்தால் கூப்பிடுங்கள்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்.
சுவர்ப் புண்ணுக்கு வேண்டியிருக்கிறது.

அன்றிரவு பாத்திரங்கள் பேசின.
படிக்கட்டு முழுக்க ஆட்கள், நாய்கள், ஒரு கிளிக்கூண்டு.
தெருவில் இறங்கி நின்ற பிறகு பார்த்தால்
எர்சீலியா கையில் பழைய போன்.
"அவசரத்தில் கை தானாக எடுத்தது" என்றாள்,
திருடிப் பிடிபட்டவள் போல.
நாலாம் மாடி ஒர்த்தென்சியாவின் ஒற்றைச் செருப்பைத் தேட
அதன் டார்ச் போதுமாக இருந்தது.
நாலைந்து பேர் கட்டிடத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்கள் திரைகளில் மட்டும்
பொழுது விடிந்திருந்தது.

எங்களுக்கு விடிந்ததும் ஏறிப் போனோம்.
கண்ணாடி முழுசாக இருந்தது.
அதற்குள் அடுப்பு, என் காது, கொஞ்சம் கடல்.

அவள் இழுப்பறையில் நாணயத்தைத் தேடினாள்.
ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறதே, என்றேன்.
"நகரு, நிழல் விழுகிறது" என்றாள்.